கோசாம்பி அளந்த தூரம்

கல்யாண் ஜங்ஷனில் ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று டிட்வாலா வழியாகக் கசாராவுக்குப் போகிறது. மற்றது அம்பர்நாத், பத்லாபூர், கர்ஜத் என்று போய் கண்டாலா மலையேறிப் புனேயைத் தொடுகிறது. 1930 முதல் ஓடிக்கொண்டிருக்கும் டெக்கான் குயின் இந்த இரண்டாவது வழியில்தான் வந்து போகிறது. 1940களின் நடுவிலிருந்து சுமார் பதினைந்து வருடங்கள், புனேயில் குடியிருந்துகொண்டு அந்த ரயிலில் பம்பாய்க்கு வேலைக்கு வந்து போன பயணிகளில் ஒருவர் தாமோதர் தர்மானந்த் கோசாம்பி.

தமிழ் வாசகர்களுக்கு அவர் சரித்திர ஆசிரியர். பண்டைய இந்தியாவை ராஜாக்களின் பட்டியலாக எழுதாமல் கலப்பை, காசு, குகை, வணிகப் பாதை வழியாக எழுதியவர். ஆனால் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் பார்த்த வேலை கணிதப் பேராசிரியர் வேலை. சரித்திரம் படிப்பவர்களில் பலருக்கு அவர் கணிதம் தெரியாது. அதேபோல், பயிர் விஞ்ஞானிகள் பலர் ‘கோசாம்பி’ என்ற பெயரைக் கம்ப்யூட்டரில் அடிக்கடி தட்டுகிறார்கள். அந்தக் கோசாம்பியும் சரித்திரக் கோசாம்பியும் ஒரே ஆள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்.

அந்தப் பெயர் எங்கே வருகிறது என்று பார்க்க, லோக்கல் ரயிலில் ‘டைம்பாஸ்’ என்று கூவி விற்கப்படும் வேர்க்கடலையில் ஆரம்பிப்பது நல்லது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் வேர்க்கடலை ரகங்களையும் உருவாக்குகிறது என்பது பலருக்கு வியப்பான செய்தி. விதைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அதில் மாறுதல் அடைந்த செடிகளைப் பொறுக்கியெடுத்துக் கலப்பு செய்து, புது ரகம் காண்பது அங்கே பல பத்தாண்டுகளாக நடந்து வரும் வேலை. அப்படி வந்ததுதான் டிஏஜி 24. டிராம்பேயின் ‘டி’, அகோலாவின் ‘ஏ’. ‘ஜி’ என்பது கடலைக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 1990களின் தொடக்கத்தில் விவசாயிகளுக்குப் போனது. குட்டைச் செடி, சீக்கிரம் முற்றும், நிறையக் காய்க்கும்.

ஒரே குறை, துரு நோய் அதைச் சுலபமாகப் பிடிக்கும். இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பொடி பூத்து, இலை காய்ந்து போகும். கூடவே இலைப்புள்ளி நோயும் வரும். திண்டிவனம், விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டை விவசாயியிடம் இந்த இரண்டு நோய்களைப் பற்றியும் விளக்க வேண்டியதில்லை. காய் பிடிக்கும் நேரத்தில் இலை போனால் மிஞ்சுவது பொக்குதான்.

கர்நாடகத்தில் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஜிபிபிடி 4 என்ற ரகம் இந்த இரண்டு நோய்களையும் தாங்குகிறது. தென்னமெரிக்கக் காட்டுக் கடலை ஒன்றிலிருந்து வந்த சொத்து அந்தச் சக்தி. அந்தச் சொத்தை மட்டும் டிஏஜி 24க்கு மாற்றிவிட்டு, மற்றதெல்லாம் டிஏஜி 24 ஆகவே இருக்கும்படிச் செய்ய முடியுமா? முடியும். ஆனால் அந்தச் சொத்து கடலையின் 20 ஜோடி குரோமோசோம்களில் எதில், எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும்.

மரபணு வரைபடத்தை யாரும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைவதில்லை. ஊகித்து வரைகிறார்கள். எப்படி ஊகிக்கிறார்கள் என்பதற்குக் கல்யாண் பாதையே போதும். ஒரு சிவப்புக் கயிறு, ஒரு வெள்ளைக் கயிறு. இரண்டிலும் தாணே முதல் கல்யாண் வரை ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு முடிச்சு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எங்காவது ஓர் இடத்தில் வெட்டி, வால்களை மாற்றிக் கட்ட வேண்டும். இப்போது பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமான கயிறுகள் கிடைக்கும். இதை ஆயிரம் ஜோடிக் கயிறுகளில் செய்தால், கல்யாணும் அடுத்திருக்கும் டாக்குர்லியும் வேறு வேறு நிறத்தில் அமைவது அபூர்வம். கல்யாணும் தாணேயும் நிறம் மாறி அமைவது அடிக்கடி நடக்கும். ரயிலையே பார்க்காத ஒருவர் இந்த ஆயிரம் ஜோடிகளை மட்டும் எண்ணிப் பார்த்து, எந்த ஸ்டேஷன் எதற்குப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

சிவப்பு அப்பாவின் குரோமோசோம், வெள்ளை அம்மாவுடையது. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது இந்த வெட்டு-மாற்று இயற்கையாகவே நடக்கிறது. முடிச்சுகளுக்குப் பதில் ‘மார்க்கர்’ எனப்படும் சின்னச் சின்ன டிஎன்ஏ அடையாளங்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் மார்கனிடம் படித்த ஆல்பிரட் ஸ்டர்டிவன்ட் 1911இல் ஓர் இரவு கல்லூரிப் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பழ ஈயின் ஜீன்களை இப்படி வரிசைப்படுத்தினார். 1913இல் அச்சான அதுதான் உலகின் முதல் மரபணு வரைபடம். தூரத்தின் அலகுக்கு ஆசிரியர் பெயரே கிடைத்தது: சென்டிமார்கன். நூற்றுக்கு ஒரு தடவை பிரிந்தால் தோராயமாக ஒரு சென்டிமார்கன்.

‘தோராயமாக’ என்ற சொல்லில்தான் சிக்கல். தாணேக்கும் கல்யாணுக்கும் நடுவே ஒரு வெட்டுக்குப் பதில் இரண்டு வெட்டு விழுந்தால்? நடுத்துண்டு மட்டும் நிறம் மாறும்; இரண்டு முனைகளும் பழையபடி ஒரே நிறத்தில் இருக்கும். முனைகளை மட்டும் பார்ப்பவர் ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதிக்கொள்வார். ஆக, தொலைவில் இருக்கும் மார்க்கர்களின் தூரம் எப்போதும் குறைத்தே எண்ணப்படும். எவ்வளவு தொலைவானாலும் பிரிவு நூற்றுக்கு 50ஐத் தாண்டுவதில்லை.

இதைச் சரிசெய்ய 1919இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஒரு வெட்டுக்கும் இன்னொரு வெட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவருடைய அனுமானம். நிஜத்தில் சம்பந்தம் உண்டு. ஓர் இடத்தில் வெட்டு விழுந்தால் அதன் அக்கம்பக்கத்தில் இன்னொன்று விழுவது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த கோசாம்பி 1944இல் இதைக் கணக்கில் சேர்த்தார். பக்கத்தில் தடை பலமாக இருக்கும், தூரம் கூடக் கூடத் தளர்ந்துகொண்டே போகும் என்று எடுத்துக்கொண்டு ஒரு சூத்திரம் வருவித்தார். லண்டனிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் நான்கே பக்கக் கட்டுரை. ஆய்வுக்கூடம் இல்லை, ஈ இல்லை, செடி இல்லை. புழக்கத்தில் இருந்த நாணயங்களை எடை போட்டு, கைமாறக் கைமாற அவை எப்படித் தேய்கின்றன என்று புள்ளிவிவரம் போட்ட அதே மூளைதான் இதையும் செய்தது.

வித்தியாசம் எவ்வளவு? நூற்றுக்கு 10 தடவை பிரியும் இரண்டு மார்க்கர்களுக்கு ஹால்டேன் கணக்கில் தூரம் 11.2 சென்டிமார்கன், கோசாம்பி கணக்கில் 10.1. பெரிய பேதமில்லை. நூற்றுக்கு 30 தடவை பிரிந்தால் ஹால்டேன் 45.8 என்கிறார், கோசாம்பி 34.7 என்கிறார். ஒருவர் ஹால்டேன் கணக்கில் போட்ட வரைபடத்தையும் இன்னொருவர் கோசாம்பி கணக்கில் போட்டதையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒட்டினால், மைலையும் கிலோமீட்டரையும் கூட்டிய கதையாகும்.

தூரம் ஒரு பக்கம் இருக்க, வரிசை இன்னொரு தலைவலி. பத்து மார்க்கர்களை வரிசைப்படுத்த 18,14,400 வழிகள் உண்டு. இருபது என்றால் பன்னிரண்டாயிரம் கோடி கோடியைத் தாண்டும். ஒவ்வொன்றாகச் சரிபார்க்க எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆயுள் போதாது. எல்லா ஊருக்கும் ஒரு தடவை போய்விட்டு மிகக் குறைந்த தூரத்தில் வீடு திரும்ப வேண்டிய வியாபாரியின் புதிர் என்று கணிதத்தில் ஒன்று உண்டு. இது கிட்டத்தட்ட அதேதான். 1987இல் அமெரிக்காவில் வந்த மேப்மேக்கர், 1993இல் நெதர்லாந்தில் வந்த ஜாயின்மேப் போன்ற மென்பொருள்கள் குறுக்கு வழிகள் பிடித்து, உத்தரவாதம் இல்லாவிட்டாலும் நம்பத் தகுந்த வரிசையைத் தருகின்றன. இவற்றில் தூரக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இரண்டு பெயர்கள் காத்திருக்கும்: ஹால்டேன், கோசாம்பி.

வேர்க்கடலைக்கு வரைபடம் போடுவது நெல்லுக்குப் போடுவதைவிடக் கஷ்டம். அப்பாவும் அம்மாவும் வேறுபடும் இடத்தில்தான் மார்க்கர் வேலை செய்யும். இரண்டு கயிறும் ஒரே நிறமாக இருந்தால் எதை எண்ணுவது? இன்றைய வேர்க்கடலை, இரண்டு காட்டுச் செடிகள் எப்போதோ அபூர்வமாகக் கலந்ததில் பிறந்த பயிர். எல்லா ரகமும் ஒன்றுக்கொன்று பங்காளி. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் டிஏஜி 24ஐ ஐசிஜிவி 86031 என்ற ரகத்துடன் கலந்து 318 வாரிசு வரிசைகளை எடுத்துக்கொண்டார்கள். 1,145 மார்க்கர்களைச் சோதித்ததில் பெற்றோர் இருவரும் வேறுபட்டவை 144 மட்டுமே. அதில் 135ஐ வைத்து 2009இல் வரைபடம் வெளியானது. மும்பையில் பிறந்த கடலை, பயிர்க் கடலையின் முதல் வரைபடங்களில் ஒன்றுக்குத் தாயானது இப்படி. ஆனால் 20 ஜோடி குரோமோசோம்களுக்கு 135 மைல்கல் என்பது, தாணேக்கு அடுத்த ஸ்டேஷன் கல்யாண்தான் என்று சொல்வதைப் போன்றது.

ஒரு கலப்பில் தெரியாதது இன்னொரு கலப்பில் தெரியும். ஆகவே வெவ்வேறு பெற்றோர், வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் போடப்பட்ட வரைபடங்களை ஒன்றாக்க வேண்டும். இங்கே மறுபடியும் மத்திய ரயில்வே கை கொடுக்கிறது. ஒரு பயணி நினைவிலிருந்து தாணே, மும்ப்ரா, டோம்பிவிலி, கல்யாண் என்கிறார். இன்னொருவர் தாணே, கல்வா, டோம்பிவிலி, டாக்குர்லி என்கிறார். தாணேயும் டோம்பிவிலியும் இருவருக்கும் பொது. அவற்றை ஆணியாக அடித்து இரண்டு பட்டியல்களையும் கோக்கலாம். ஆனால் கல்வா முன்னா, மும்ப்ரா முன்னா? கல்யாணும் டாக்குர்லியும்? இந்த இருவரை எத்தனை முறை விசாரித்தாலும் பதில் வராது. மூன்றாவது பயணி ஒருவர் கல்வா, மும்ப்ரா இரண்டையும் பார்த்தவராக இருந்தால் முதல் சந்தேகம் தீரும்.

கம்ப்யூட்டரும் இதையே செய்கிறது. ஒவ்வொரு மார்க்கரும் ஒரு புள்ளி. ‘இதற்குப் பின் இது’ என்பதற்கு ஓர் அம்பு. எல்லா வரைபடங்களின் அம்புகளையும் ஒரே தாளில் போட்டுவிட வேண்டியது. அம்புகள் ஒரே திசையில் ஓடினால் பிரச்னை இல்லை. நாலாவது பயணி ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ‘மும்ப்ராவுக்கு அப்புறம்தான் கல்வா’ என்று சாதித்தால் அம்புகள் வட்டமடிக்க ஆரம்பித்துவிடும். நிஜத்தில் இந்தத் தூக்கக் கலக்கம் நிறையவே உண்டு. செடிகள் குறைவு, சோதனையில் பிழை, பதிவு செய்தவரின் கைத்தவறு என்று காரணங்கள் பல.

பழைய வழி, எல்லோருடைய எண்ணிக்கைகளையும் சேர்த்து சராசரி எடுப்பது. ஜாயின்மேப் வந்தது இந்த வழியில். மார்க்கர்கள் பெருகப் பெருக அது திணறியது. 2008இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோங்குய் வூ, டிமதி க்ளோஸ், ஸ்டெஃபானோ லோனார்டி மூவரும் வேறு வழி சொன்னார்கள். வட்டம் உடைவதற்கு எந்தெந்தச் சாட்சியங்களைத் தள்ளினால் போதும்? மிகக் குறைவாகவும், உள்ளதிலேயே நம்பிக்கை குறைந்தவையாகவும் பார்த்துத் தள்ள வேண்டும். அவர்களுடைய மெர்ஜ்மேப் இதைத்தான் கணக்கிட்டது. பஞ்சாயத்தில் எல்லோர் பேச்சையும் சராசரி எடுக்காமல், யாருடைய எந்த வாக்கியத்தை ஒதுக்கினால் கதை பொருந்துகிறது என்று பார்ப்பது போல.

குறையே இல்லாத முறை என்று இதைச் சொல்ல முடியாது. வரிசை ஒழுங்காக வந்தாலும் தூரம் ஊதிப்போவது இந்த இணைப்பில் தெரிந்த கோளாறு. இணைத்த வரைபடத்தில் எது முன், எது பின் என்பதை நம்பலாம். எத்தனை சென்டிமார்கன் என்பதைக் கொஞ்சம் உப்புக் குறைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

2012இல் 11 கலப்புகளின் வரைபடங்களை இணைத்து வேர்க்கடலையின் சர்வதேசப் பொது வரைபடம் வெளியானது. 897 மைல்கற்கள், 20 தொகுதிகள். இக்ரிசாட் முன்னின்று, பல நாட்டு ஆய்வுக்கூடங்களின் தரவுகளைச் சேர்த்து செய்த வேலை. அந்த வேலையின் அருமை விவசாயி பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். மைல்கற்கள் தூரமாக இருந்தால், நோய் தாங்கும் ஜீனுக்கும் அதன் அடையாளத்துக்கும் நடுவே வெட்டு விழுந்துவிடலாம். அடையாளம் இருக்கும், ஜீன் இருக்காது. அந்தச் செடியை நம்பி அடுத்த தலைமுறை, அதற்கடுத்தது என்று போய், கடைசியில் வயலில் துரு பூக்கும்போதுதான் ஏமாந்தது தெரியும். போனது இரண்டு மூன்று வருடங்கள்.

டிஏஜி 24, ஜிபிபிடி 4 இரண்டையும் கலந்து பார்த்ததில் அதிர்ஷ்டம் அடித்தது. துரு நோயைத் தாங்கும் சக்தியில் செடிக்குச் செடி காணும் வேறுபாட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரே ஓர் இடத்தைச் சார்ந்திருந்தது. அந்த இடத்தின் அக்கம்பக்கத்து மைல்கற்களைக் கொண்டு நாற்றிலேயே சோதித்து, வேண்டிய செடியை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி மறுபடி பழைய ரகத்துடனேயே கலந்தார்கள். டிஏஜி 24, ஜல்காவில் பிறந்த ஜேஎல் 24, இக்ரிசாட்டின் ஐசிஜிவி 91114 ஆகிய மூன்று ரகங்களிலும் அந்தத் துண்டு ஏறிவிட்டதை 2014இல் அறிவித்தார்கள். வயலில் நோய் வரும்வரை காத்திருந்து பொறுக்கும் பழைய முறையில் இதற்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பதைப் பயிர் வளர்ப்பவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

வறட்சி விஷயத்தில் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 2009இன் வரைபடம் போட்டதே வறட்சியைத் தாங்கும் ஜீன்களைத் தேடித்தான். கிடைத்தவை பல இடங்களில் சிதறிக் கிடந்த சின்னச் சின்னப் பங்குகள். எதையும் தனியே எடுத்து மாற்றி மழை பொய்த்த வருடத்தில் கடலை விளைவிக்க முடியாது. வரைபடம் நன்றாக இருந்தால் புதையல் நிச்சயம் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

2016இல் வேர்க்கடலையின் இரண்டு காட்டு முன்னோர்களின் முழு டிஎன்ஏவும், 2019இல் பயிர்க் கடலையின் சுமார் 270 கோடி எழுத்துகளும் படிக்கப்பட்டன. அப்படியானால் சென்டிமார்கன் வரைபடங்களுக்கு இனி வேலை இல்லையா என்றால், உண்டு. படித்தது துண்டு துண்டாகத்தான் வருகிறது. எந்தத் துண்டு எந்தக் குரோமோசோமில், எந்தத் திசையில் என்று அடுக்க 2016இல் கை கொடுத்தவை மரபணு வரைபடங்கள்தான். எழுத்துகளின் தூரம் வேறு, வெட்டு விழும் தூரம் வேறு என்பதும் இருக்கிறது. சில இடங்களில் லட்சக்கணக்கான எழுத்துகள் வெட்டே படாமல் சேர்ந்து பயணம் செய்யும். இரண்டு செடிகளைக் கலக்கும் ஒருவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது தூரம்.

கோசாம்பிக்குப் பிற்காலம் அவ்வளவு இனிமையாக இல்லை. அவரை டாடா நிறுவனத்துக்கு அழைத்த ஹோமி பாபா, டிராம்பே அணுசக்திக் கூடத்தையும் கட்டியவர். கோசாம்பியோ, இந்தியாவுக்குப் பொருத்தம் அணுசக்தியைவிடச் சூரிய சக்திதான் என்று வெளிப்படையாகப் பேசியும் எழுதியும் வந்தார். 1959இல் ரீமன் கருதுகோளை நிரூபித்துவிட்டதாக அவர் வெளியிட்ட கட்டுரை கணித உலகில் அவர் மதிப்பைக் குறைத்தது. 1962இல் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. டெக்கான் குயின் பயணமும் அத்துடன் நின்றது. எந்தச் சூத்திரத்தைத் திருத்தினாரோ அந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார். கோசாம்பி 1966 ஜூன் 29 அன்று புனேயில் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 58. பாபாவின் டிராம்பேயில் கதிர்வீச்சு வழியில் வந்த கடலை, கோசாம்பியின் அளவுகோலுக்கு வந்து சேர அதற்குப் பிறகு நாற்பது வருடங்களுக்கு மேல் ஆனது.